நாவு காட்டிய இனம்

இஸ்ரவேலரின் தோற்றம் பற்றி விவிலியம் கூறுவது மிகச் சிறிது. தாவீதைச் சிவந்தவன் என்கிறது. ஏசாவுக்கும் அதே எபிரேயச் சொல்லையே ஆள்கிறது. மீதியான் பெண்களோ மோசேயை எகிப்தியன் என்றே தம் தந்தையிடம் கூறினர். உடையே காரணம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், தோற்றம் அவர்களை அயலாரினின்று பிரித்துக் காட்டியது என நாம் துணிவதற்கில்லை.

நாவு பிரித்துக் காட்டியது, அதுவும் தம்முள்ளேயே. நியாயாதிபதிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறைகளைக் கைப்பற்றிய கிலேயாத்தியர், கடக்க வந்தோரை 'ஷிபோலேத்' என்று உச்சரிக்கச் செய்தனர். கதிர் என்பது அதன் பொருள். பொருள் அங்கு யாருக்கு வேண்டும்? 'சிபோலேத்' என்ற எப்பிராயீமியர் வெட்டுண்டனர். மாண்டோர் 42,000 என்கிறது நூல். அவ்வெண்ணை நாம் அப்படியே கொள்ளவேண்டியதில்லை. கொன்றவரும் மாண்டவரும் இஸ்ரவேலரே. மொழியும் ஒன்றே, வழக்குத்தான் வேறு. கிரந்த ஷகரத்தை விலக்கி எழுதின், அவ்விரு சொற்களும் தமிழில் ஒன்றாகிவிடும்.