பெற்றோருக்குப் பிறகும், அதற்கு முன்பும்

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையை வளர்க்கும் தாய், இந்தியச் சட்டங்களின் கண்ணில் நெடுங்காலம் படவே இல்லை. 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம் அப்பிள்ளையையும் மனநோயாளியையும் ஒரே வரையறைக்குள் வைத்தது. யாரை எங்கே அடைப்பது, சொத்தை யார் நிர்வகிப்பது என்பவையே அதன் கவலைகள். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனவளர்ச்சிக் குறைபாட்டை மனநோயிலிருந்து பிரித்தது. செய்ய வேண்டிய திருத்தம்தான். ஆனால் 1993இல் அது நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் விடைபெற்றபோது ஓர் ஓட்டை விழுந்தது. வயதுவந்த மகனுக்கு நீதிமன்றம் மூலம் பாதுகாவலரை நியமிக்க இருந்த வழி அடைபட்டது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமோ 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியைப் பேசியது. அதற்குப் பின் அப்பிள்ளைக்காகக் கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்று சொல்லவில்லை.

இந்தக் காலத்தில் உதவி என்று சொல்லத்தக்கதைப் பெருமளவு பெற்றோரே கட்டி எழுப்பினார்கள். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகளுக்குப் பள்ளி கிடைக்காத மிது ஆலூர், 1972இல் பம்பாயில் தாமே ஒன்றைத் தொடங்கினார். அதே குறைபாடுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய அமைப்பே இன்றைய வித்யாசாகர். ஆட்டிசம் உள்ள மகனுக்காக மெர்ரி பருவா 1991இல் டெல்லியில் இதே பணியில் இறங்கினார். அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. 1984இல் செகந்திராபாத்தில் மனவளர்ச்சிக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் ஒன்றை அமைத்தது. ஆனாலும் வேகம் வீடுகளிலிருந்தே வந்தது. படித்த, பெருநகரத்துப் பெண்கள் முன்னின்றதால் பலனும் முதலில் பெருநகரங்களுக்கே சென்றது. பல ஊர்ப் பெற்றோர் சங்கங்கள் 1995இல் ‘பரிவார்’ என்ற தேசியக் கூட்டமைப்பாகச் சேர்ந்த பிறகுதான் கோரிக்கை டெல்லிக்கு உரக்கக் கேட்டது.

அதற்குக் கிடைத்த பதில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கையும் அது எடுத்துக்கொண்டது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் அடங்கிய உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம் என்றது. நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இது சின்ன நன்மை அல்ல. 100 கோடி ரூபாய் மூலநிதி வந்தது. பின்னர் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடும் வந்தது. பெற்றோர் இறந்த பின் பிள்ளையின் பராமரிப்பும் பாதுகாப்பும் என்னாகும் என்பதை இச்சட்டம் தன் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதிவைத்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும் முப்பது நாற்பது ஆண்டுகளில் அவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை என்பதே என் வாதம்.

அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பம் இதையெல்லாம் சுமக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சுமந்தது. யார் தோளில் என்பதுதான் கேள்வி. கூட்டுக் குடும்பத்தின் பராமரிப்பு என்று நாம் பெருமையோடு சொல்வது, பெரும்பாலும் தாய், பாட்டி, திருமணமாகாத அத்தை ஆகியோரின் கூலியில்லாத உழைப்பு. கணக்கில் வராததால் அதற்குச் செலவில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். இன்னொரு தடை கொஞ்சம் வலுவானது: தாய்ப்பாசத்துக்கு விலை வைக்கலாமா, வைத்தால் கருவூலம் தாங்குமா? இதற்குப் பதில் அரசின் சொந்த விதிகளிலேயே இருக்கிறது. மத்திய அரசு ஊழியரின் பிள்ளை சம்பாதிக்க இயலாத அளவு குறைபாடு உடையவராக இருந்தால் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 2008 முதல் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு; மற்ற பிள்ளைகளுக்குள்ள வயது வரம்பு, குறைபாடுள்ள பிள்ளை விஷயத்தில் இன்று இல்லை. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில், இத்தகைய தாய்க்கு அந்த விடுப்பை மறுப்பது அரசமைப்பின் கடமைக்கு முரண் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அப்படியானால் பராமரிப்பு என்பது உழைப்பு, அதற்கு நேரமும் பணமும் வேண்டும் என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. தன்னிடம் சம்பளம் வாங்குபவர்களுக்கு மட்டும். பழைய வருமான வரிமுறையின் 80டிடி பிரிவு தரும் 75,000 ரூபாய், கடும் குறைபாடானால் 1,25,000 ரூபாய்க் கழிவும் வரி கட்டுபவருக்குத்தான் பயன்படும். நூறு நாள் வேலைக்குப் போக முடியாமல் பிள்ளையோடு வீட்டில் இருப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்பதை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. கேரளம் அதற்கு முன்பே ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் வீட்டில் பராமரிப்பவருக்கே மாதம் 600 ரூபாய் என்று வகுத்திருந்தது. தொகை அற்பம்; யாருக்குத் தருவது என்பதில் அது சரி. மற்ற மாநிலங்கள் அந்தக் கொள்கையை எடுத்துக்கொண்டு, தொகையைக் குறைந்தபட்சக் கூலியோடு சேர்த்து நிர்ணயிக்க வேண்டும்.