ஜவ்வாது மலை

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியுள்ளது. செய்யாறு இங்கே உற்பத்தியாகிப் பாலாற்றில் சேர்கிறது. வாலாஜாபேட்டையிலிருந்து செல்வோர் ஆற்காடு, ஆரணி, போளூர் வழியாக மலைமேல் உள்ள முக்கிய ஊரான ஜமுனாமரத்தூரை அடையலாம்.

இம்மலையின் குடிகள் மலையாளிப் பழங்குடியினர். தாய்மொழி தமிழ், கேரளத்தாரோடு உறவில்லை. இவர்களின் தோற்றம் பற்றி வட ஆற்காடு மாவட்டக் கையேடு ஒரு கதை சொல்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலிலும் அது இடம்பெற்றது. சக ஆண்டு 1055இல் (கி.பி. 1132) கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். ஏளனமாக மறுக்கவே, ஏழு கன்னிப்பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட வேளாளர் ஏழு பேரும் ஏழு நாய்களைக் கூட்டிக்கொண்டனர். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்தோம் என்று கொண்டு கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தத்தளித்துக் கரையேறினார்கள்; நாய்களோ பாதி ஆறு நீந்திவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டன. வேடரைக் கொன்று இவர்கள் ஊர் வந்தபோது காரியங்கள் முடிந்து, மனைவியர் தாலி அறுத்திருந்தார்கள். சாதியில் இடமின்றிப் போனவர்கள் வேடப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்தார்கள் என்பது கதை. நாய்கள் திரும்பியதைக் கதை என்று ஒதுக்கலாம். ஆனால் பேசும் தமிழும், பெயரோடு சேரும் ‘கவுண்டர்’ பட்டமும், காஞ்சி நினைவும் ஒரே திசையைக் காட்டுகின்றன. சமவெளியிலிருந்து மேலேறிய வேளாண் குடியினர் என்று கொள்வதே பொருத்தம்.

இம்மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திருப்பத்தூர்ப் பக்கத்துப் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய பெயர்களில் இப்பழைய பிரிவு இன்றும் நிற்கிறது. திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியம் தருவார்கள். சாமை முதன்மைப் பயிர்.

மலையாளிகளுக்கு நெடுங்காலம் முன்பே இங்கே மனிதர் வாழ்ந்ததற்குக் கீழ்ச்செப்பிலியின் கல்திட்டைகள் சான்று. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரே கல்லால் மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இவை. குள்ளர்கள் கட்டிய வீடுகள் என்பது ஊரார் நம்பிக்கை. காண வேண்டியவற்றுள் இவற்றுக்கே முதலிடம் தரவேண்டும்.

காட்டில் தேன், புளி, கடுக்காய் எடுக்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் பதனிடும் முறையில் கடுக்காய்க்குப் பழைய இடமுண்டு: ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலை இறுதியில் கடுக்காய்த் தண்ணீரில் போடுவார்கள், நிறம் கெடாமல் நிற்கும். புகழ்பெற்ற சந்தன மரங்களைக் கடத்தல் அழித்தது.

பீமன் அருவி, அமிர்தி வனவிலங்குப் பூங்கா ஆகியவை சுற்றுலா இடங்கள். ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடைபெறுகிறது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அதற்கும் பங்குண்டு. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்குகிறது.

மலையிலிருந்து பிழைப்புக்காக வெளியூர் செல்வோர் பலர். 2015 ஏப்ரல் 7இல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டு இறந்த 20 தமிழர்களில் இம்மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடைபெறுகிறது.