மூன்றாண்டுக்கென்று வந்த சட்டம்

விசைப்படகு எல்லை தாண்டியதென்று இலங்கைக் கடற்படை பிடித்தால் காங்கேசன்துறை, ஊர்க்காவல்துறை நீதிமன்றம், யாழ்ப்பாணச் சிறை என்று அடுத்தடுத்த படிகளை ஜெகதாப்பட்டினத்துப் பெண்களே வரிசையாகச் சொல்வார்கள். அந்தத் துயரத்திலும் ஒரு நீதவான் இருக்கிறார், வாய்தா தேதி இருக்கிறது. அதே அக்கரையில் இவை இரண்டும் இல்லாமலே ஆளை அடைத்துவைத்த சட்டம் ஒன்று உண்டு: 1979 ஜூலையில் ஜெயவர்த்தனா அரசு கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம்.

மூன்றாண்டுக்கு மட்டும் என்றுதான் அது வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சர் கையெழுத்திட்டால் போதும். மும்மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை ஒருவரை வைத்திருக்க முடிந்தது. அந்த ஆணையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாதென்று சட்டமே சொன்னது. ஆயுதம் ஏந்தியவருக்கான சட்டம் என்பார்கள். ஆனால் இன, மத ஒற்றுமையைக் குலைக்கும் பேச்சும் எழுத்தும்கூட அதில் குற்றம். எது குலைக்கும் என்பதைப் பிடிக்கிறவரே முடிவு செய்யலாம். பத்திரிகையாளர் திசைநாயகத்துக்கு 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தார்கள். ஆதாரமாகக் காட்டியவற்றுள் அவர் எழுதிய கட்டுரைகளும் இருந்தன. உலகம் குரல் எழுப்பிய பிறகே 2010இல் மன்னிப்பு கிடைத்தது. மன்னார்ப் பகுதிக் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே மாதம் கைது செய்யக் காரணமாகச் சொன்னது ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூலை. வன்முறையை மறுக்கும் கவிதைகளும் அதில் உண்டு. பிணை வர 2021 டிசம்பர் ஆனது. விடுதலைத் தீர்ப்பு வர 2023 டிசம்பர் ஆனது. ஓர் இளைஞனின் அந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

இத்தகைய சட்டத்தின் கொடுமையை ஜப்பானியர் நமக்கு முன்பே பட்டார்கள். 1925இல் வந்த அமைதிக் காப்புச் சட்டம் முதலில் பத்தாண்டுச் சிறை வரை தந்தது. 1928இல் மரண தண்டனையும் சேர்ந்தது. வடகடலில் நண்டு பிடித்துப் பதனிடும் கப்பலில் வதைபட்ட தொழிலாளிகளைப் பற்றி 1929இல் நாவல் எழுதியவர் கொபயாஷி தகிஜி. 1933 பிப்ரவரி 20 அன்று தோக்கியோவில் காவல்துறைப் பிடியிலேயே, 29 வயதில் இறந்தார். மாரடைப்பு என்றது காவல்துறை. உடலெங்கும் அடிபட்ட காயங்கள். கடல்தொழில் செய்வோர் இந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும். போரில் தோற்று அந்நியப் படை வந்த பிறகுதான், 1945 அக்டோபரில், அச்சட்டம் ஒழிந்தது.

இக்கரையும் பெருமை பேச முடியாது. விசாரணையின்றி அடைக்கும் மிசா சட்டத்தில் அடைபட்ட சென்னை முன்னாள் மேயர் சிட்டிபாபு சென்னைச் சிறையில் அடிபட்டு 1977 ஜனவரியில் இறந்தார். மிசா போயிற்று, தடா வந்தது, பிறகு பொடா.

இலங்கைச் சட்டத்தில் 2022இல் ஒரு திருத்தம் செய்தார்கள்: 18 மாதம் 12 ஆனது. ஆனால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகும், அது வற்புறுத்தி வாங்கியதென்று கைதியே நிரூபிக்க வேண்டும் என்ற பிரிவை அவர்கள் தொடவில்லை. முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.