லயத்து நினைவுகளும் ஊவாவின் வரலாறும்

பெருந்தோட்ட வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஆவணங்கள் குறைவில்லை. கம்பனிகளின் ஆண்டறிக்கைகள், தொழில் ஆணையாளரின் அறிக்கைகள், துரைமாரின் நினைவுக் குறிப்புகள் எனப் பலவுண்டு. ஆயினும், பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பணிய லயத்தில், ஐந்தாம் காம்பராவில், 1965இல் எவர் குடியிருந்தனர் என்று வினவின் இவற்றுள் ஒன்றும் விடை பகராது. செக்ரோலில் பெயர் இருக்கலாம். ஆனால் அது நாட்சம்பளம் கணித்தற்கு எழுதப்பட்ட பெயர். அவர் எவருக்கு மாமன், எவர் வீட்டில் நெருப்பு வாங்கினார், காமன் கூத்தில் என்ன வேடங் கட்டினார் என்பன அதில் ஏறா. அவற்றைத் தாங்கி நிற்பது அங்கு வளர்ந்தோரின் நினைவு ஒன்றே. அந்நினைவையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பதே என் கருத்து.

லயம் என்பது ஆங்கிலச் சொல்லின் திரிபு. குதிரை லாயத்தோடு அதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலாயினும் பொருத்தமற்றதன்று. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறை, அதன் முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. இத்தகைய காம்பராக்கள் ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாய் நிற்பது ஒற்றை லயம். பின்சுவர் ஒன்றையே இருபுறத்தாரும் பங்கிட்டுக்கொள்வது இரட்டை லயம். பர்மிங்காம், லீட்ஸ் முதலிய ஆங்கில நகரங்களிலும் ஆலைத் தொழிலாளர்க்கு இவ்வாறே முதுகொட்டிய வீடுகள் கட்டப்பட்டன. அவை பெரும்பாலும் இடித்தகற்றப்பட்டபின், பர்மிங்காமில் எஞ்சிய ஒரு முற்றத்தைப் புதுக்கி 2004இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தனர். சால்ஃபர்ட் நகரின் சேரியொன்றிலே பிறந்து வளர்ந்த இராபர்ட் இராபர்ட்ஸ், தம் இளமை நினைவுகளைக் கொண்டே 1971இல் எழுதிய நூலைச் சமூக வரலாற்றாசிரியர் இன்றும் எடுத்தாளுகின்றனர். நம்மிடையே சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் சொற்சித்திரங்களை 1970இல் நூலாக்கித் தந்தார். அவர் இட்ட தடத்தில் நடந்தோர் போதாது.

நான் பிள்ளைப் பருவத்தைக் கழித்த தோட்டத்தில் மேற்கணக்கு, பணியக்கணக்கு என இரு பிரிவுகள் இருந்தன. விடியுமுன் தப்பொலி கேட்கும். பெரியவர்கள் பிரட்டுக்களத்துக்கு விரைவர். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவுக்குச் செல்லும். எஞ்சிய நாங்கள் பீலியடியில் தண்ணீருக்கு வரிசை நிற்போம். காம்பராக்களை இலக்கத்தால் எவரும் அறியார். “கோடிக் காம்பரா ஆயா”, “கவ்வாத்துக்காரர் வீடு” என்பனவே முகவரிகள். இடைச்சுவர்கள் கூரைவரை எட்டாமையால் அடுத்த வீட்டுச் சண்டையும் புகையும் இருமலும் எமக்கும் உரியனவாயின. இதனைச் சமத்துவத்தின் இருப்பிடம் எனப் பாராட்ட நான் துணியேன். எந்தச் சாதியார்க்கு எந்த லயம் என்பது கங்காணி காலத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. பீலியடி வரிசையிலும் அவ்வேறுபாடு தெரிந்தது. எனினும் ஒரு சாவு நேர்ந்தால் அவ்வரிசை முழுவதும் உலை வைக்காது.

இவ்வயல் எவ்வாறு கலைந்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மிகுந்த 1,50,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைகளை எண்ணிய இக்கணக்கில் காம்பராக்கள் இல்லை. ஒரே சுவரின் இருபுறத்தே வாழ்ந்த அண்ணனும் தம்பியும் வெவ்வேறு நாட்டவராயினர். கடவுச்சீட்டு வந்ததும் செக்ரோலில் பெயர் வெட்டப்படும்; கோழியும் பாத்திரமும் விலைபோகும்; பதுளையில் கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர்வர். எங்கள் லயத்தில் இரதி வேடம் ஒரு குடும்பத்துக்கே உரியதாயிருந்தது. அக்குடும்பம் போன அடுத்த மாசியில், காமன் பொட்டலில் கம்பம் நட்டும் கூத்து நடைபெறவில்லை. கிழவர் இருவர் மட்டும் சிறிது நேரம் தப்படித்துவிட்டு எழுந்து சென்றனர். 1983 யூலையில் பதுளை நகரமும் எரிந்தபின், போகத் தயங்கியிருந்தோர் பலரும் புறப்பட முனைந்தனர். மறுவருடமே கப்பற் சேவையும் நின்றது.

நினைவின் தேவையை மிகக் கொடிய முறையிற் காட்டியது மீரியபெத்தை. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள இத்தோட்டத்தில் மண்சரிவு அபாயம் உண்டென்பது 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடம் சேறாயிருந்தது. காணாமற் போனோர் நூற்றுக்கணக்கினர் என்று முதலிற் கூறப்பட்டது. பின்னர் அத்தொகை மாறி மாறிக் குறைந்தது. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. செக்ரோலும் வாக்காளர் இடாப்பும் தோன்றிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், அன்று காலை அந்த லயங்களில் எத்தனை பேர் இருந்தனர் என்பதை இந்நாடு உடனே சொல்ல இயலாதிருந்தது. எஞ்சியோருக்காகப் பூணாகலையை அடுத்த மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டப்பட்டு 2016இல் கையளிக்கப்பட்டன. தனிவீடு என்பது மலையகத்தார் நெடுங்காலம் கேட்டது. கிடைத்த வழிதான் கொடிது. இன்றும் பல்லாயிரவர் லயங்களிலேயே வாழ்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது. லயம் அழிவதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. அதில் வாழ்ந்தோர் பதிவின்றி மறைவதே இழப்பு.

பத்து வயதிற் கப்பலேறியோர் இன்று முதுமையடைந்துள்ளனர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் உளர். பதுளையிலும் பசறையிலும் அவர்தம் அயலார் உளர். ஒரு தாளிற் பத்துக் கட்டங்களை வரிசையாக வரைந்து, “இது உங்கள் லயம், ஒவ்வொரு காம்பராவிலும் யார் இருந்தார்?” என்று இரு கரையிலும் கேட்டுப் பெயர்களை நிரப்பலாம். இரு தாள்களும் எங்கே ஒத்துவருகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று ஒப்பிடுதல் நம் மாணவர்க்கு ஒரு விடுமுறைக் கால வேலையே.