சாட்சி சொல்லும் திரை

திரைப்படம் என்றாலே பொழுதுபோக்கு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். கதைப் படங்களுக்கு அஃது ஒருவாறு பொருந்தலாம். நடந்ததை நடந்தவாறு காட்டும் ஆவணப்படமோ சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பதாகும். அச்சாட்சியை அழைக்கும் உரிமை யாருடையது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டிறங்கும் இழிவு ஒழிய வேண்டுமென்றும் கேட்டனர். முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அன்று தொழிலாளி கையில் படப்பெட்டி இல்லை. ஆகவே அவ்வரலாற்றை அதிகாரிகளின் தஸ்தாவேஜுகளிலும் முதியோர் நினைவிலும் தேட வேண்டியதாயிற்று.

1946இல் கோலாலம்பூரில் மலாயன் பிலிம் யூனிட் தோன்றியது. 1948இல் அவசரகாலம் பிறந்தபின் சர்க்கார் வண்டிகள் தோட்டந்தோறும் திரை கட்டிப் படம் காட்டின. மக்கள் திரண்டு பார்த்தனர். எதைப் பார்ப்பது என்பதைச் சர்க்காரே தீர்மானித்தது.

2003இல் கோமாஸ் என்னும் அமைப்பு தொடங்கிய சுதந்திரத் திரைப்பட விழா இந்நிலையை மாற்ற முயன்றது. சாதாரணக் குடிமக்கள் தம் குறைகளைத் தாமே படமாக்க வழி பிறந்தது.

அவ்வமைப்புக்குப் பெருஞ்சோதனை வந்தது ஈழத் தமிழர் பொருட்டேயாகும். 2009இல் முடிந்த இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிக் கேலம் மெக்ரே எடுத்த 'நோ ஃபயர் சோன்' என்னும் படத்தை, 2013 ஜூலை 3ஆம் தேதி கோலாலம்பூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் காட்டினர். தமிழர் துயரைக் கேட்கச் சீனர் மண்டபம் கதவு திறந்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அதிகாரிகள் மண்டபத்திற்குள் நுழைந்தனர். தணிக்கை பெறாத படத்தைக் காட்டியதாக, 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் லீனா ஹென்றி மீது வழக்குத் தொடரப்பட்டது. 2016 மார்ச்சில் அவர் விடுதலையானார்; அவ்வாண்டு செப்டம்பரிலேயே உயர்நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கியது. 2017இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

இத்தகைய படம் நாட்டின் அமைதியைக் குலைக்கும் என்பார் உளர். பொய்யான படமாயின் அதனைப் பொய்யென்று காட்டுவதற்குப் பகுத்தறிவு இருக்கிறது. பார்ப்பதற்கே அனுமதி வேண்டுமென்றால், பார்த்துத் தெளியும் அறிவு மக்களுக்கு இல்லை என்பதே அதன் பொருள். தோட்டத்தில் துரை சொன்னதும் அதுதானே?

இன்று படப்பெட்டி நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது. பிரிக்பீல்ட்சின் பழைய ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தோரும், கிள்ளான் தோட்டங்களில் பால் வெட்டியோரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். கலியாணத்தைப் படமெடுக்கும் நாம் அவர்கள் வாய்மொழியையும் எடுத்து வைப்போமாக. அவர்கள் மறைந்தபின் சாட்சிக்கு எங்கே போவோம்?