பிள்ளை நிரலுக்குப் போகும் மாறிகள்

சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் நாளே ‘என்வ்’ கட்டளையை அடிக்கச் சொல்வேன். திரை நிறைய சூழல் மாறிகள் ஓடும். பெரும்பாலானவை அவர்கள் வைத்தவையே அல்ல. அவர்கள் எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் அவை சொல்லாமலே போய்ச் சேரும்.

இந்த ஏற்பாடு பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு 1979-இல் வெளியே வந்தது. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லில், ‘எக்ஸ்போர்ட்’ செய்த மாறி மட்டுமே அடுத்து ஓடும் நிரலுக்குப் போகும். மற்றவை ஷெல்லோடு நின்றுவிடும். அவர் வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

ஆனால் வந்து சேர்வதை வாங்கும் நிரல் அப்படியே நம்பியது. கட்டளை வரியை எந்த எழுத்தில் பிரிப்பது என்று சொல்லும் மாறி ‘ஐஎஃப்எஸ்’. பழைய ஷெல்கள் அதையும் வெளியிலிருந்து ஏற்றுக்கொண்டன. விஐ எடிட்டரோடு வந்த, ரூட் அதிகாரத்தில் ஓடும் துணை நிரல் ஒன்று, ஷெல் வழியாக ‘/பின்/மெயில்’ கட்டளையை அழைக்கும். ஐஎஃப்எஸ்ஸில் சாய்கோட்டை வைத்துவிட்டால் அது ‘பின்’, ‘மெயில்’ என்று இரண்டாக உடையும். ‘பின்’ என்ற பெயரில் நாம் எழுதி வைத்த நிரல் ரூட்டாக ஓடும். பிற்காலத்து ஷெல்கள் தொடங்கும்போதே ஐஎஃப்எஸ்ஸைத் தாமே புதிதாக வைத்துக்கொள்கின்றன.

2014 செப்டம்பரில் வெளிவந்த ஷெல்ஷாக் என்ற ஓட்டை இதன் பெரிய வடிவம். பாஷ் ஷெல் 1989-இலிருந்தே ஃபங்ஷன்களைச் சூழல் மாறிகளுக்குள் வைத்து அனுப்பிவந்தது. ஃபங்ஷன் முடிந்த பிறகும் ஏதாவது கட்டளை ஒட்டியிருந்தால், மாறியை வாங்கும் பாஷ் அதையும் ஓட்டிவிட்டது. ஸ்டெஃபான் ஷாஸ்லாஸ் கண்டுபிடித்துச் சொல்லும்வரை கால் நூற்றாண்டு அந்த ஓட்டை அங்கேயே கிடந்தது. உலாவி அனுப்பும் விவரங்களை மாறிகளாக்கி பாஷ் ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்கும் வலைச் சேவையகங்கள் எல்லாம் திறந்த கதவுகளாயின.

தாக்குதலே இல்லாமலும் ஸ்கிரிப்ட் உடையும். நான் அதிகம் பார்த்தது இந்த வகையைத்தான். தேடல் கட்டளையான கிரெப்புக்குரிய ‘கிரெப்_ஆப்ஷன்ஸ்’ மாறியில் எப்போதும் நிறம் காட்டச் சொல்லி எக்ஸ்போர்ட் செய்வார்கள். திரையில் அழகாக இருக்கும். ஸ்கிரிப்ட்டுக்குள் கிரெப் கொடுக்கும் கோப்புப் பெயர்களிலோ நிறக் குறியீடுகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கட்டளை அந்தக் கோப்பு இல்லை என்று நின்றுவிடும். குனு கிரெப் 2014-இல் இந்த மாறியைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கி, 2020-இல் வந்த 3.6 பதிப்பில் கண்டுகொள்வதையே நிறுத்தியது. நிறம் வேண்டுமென்றால் பாஷ்ஆர்சி கோப்பில் ஓர் ஏலியஸ் போதும். அது ஸ்கிரிப்ட்டுக்குள் போகாது.