எக்ஸ்ட்ரா போல்டுன்னா எத்தனை மில்லிமீட்டர்?

இந்த எபிசோடுல போடிநாயக்கனூருக்குப் போறோம், ஒரு குட்டி மொழியைப் பிரிச்சுப் பார்க்க.

ஏலக்காய் வியாபாரத்தில் 'ஏஜிஇபி' என்று ஒரு தரம் உண்டு. விரித்தால், 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்'. ஊர், நிறம், அளவு. ஆலப்புழை கடற்கரை ஊர். மலையில் விளைந்த ஏலக்காய் திருவிதாங்கூர் காலத்தில் கப்பலேறிய துறைமுகம். அந்த வரலாறு பெயருக்குள்ளேயே இன்னும் உட்கார்ந்திருக்கு.

அக்மார்க் விதிப்படி இந்தத் தரத்துக்குக் காய் 7 மி.மீ. இருக்கணும், லிட்டர் எடை 435 கிராம் வரணும். இதைத்தான் நாம டிஎஸ்எல் என்கிறோம்: ஒரு துறையின் வேலைக்காகவே உருவான சின்ன மொழி.

இப்போ ஊரை மட்டும் மாத்துங்க: 'கூர்க் கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்'. இலக்கணம் அதேதான். ஆனா அளவு 8 மி.மீ., எடை 450 கிராம்! முன்னால் நிற்கும் ஊர்தான் சொல்லின் அர்த்தத்தை முடிவு பண்ணுது.

இது தெரியாம நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதுசில், போடி வியாபாரி ஒருத்தருக்காகப் பைத்தானுக்குள் ஒரு குட்டி மொழி எழுதினேன். எக்ஸ்ட்ரா போல்டுன்னா 7, அவ்வளவுதான். கூர்க் சரக்கு வந்தது. 7.5 மி.மீ. காய்க்கும் எக்ஸ்ட்ரா போல்ட் விலையே விழுந்தது. ஒரு எர்ரர்கூட வரல. காயைக் கையில் எடுத்துப் பார்த்த பெரியவர்தான், "தம்பி, இது வெறும் போல்டுப்பா" என்றார்.

ஹாஸ்கெல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் ஹுடாக், 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். புது மொழிக்குத் தனி கம்பைலர் எதுக்கு, இருக்கிற மொழிக்குள்ளேயே குடிவைக்கலாமே என்பது அவர் வாதம். நல்ல வாதம். பார்சர், கருவிகள் எல்லாம் ஓசியில் கிடைக்கும். ஆனா துறையின் அர்த்தத்தை நாமதான் கேட்டு எழுதணும். ரெண்டு குட்டி மொழிகளைச் சேர்க்கும்போது, ஒரே சொல் ரெண்டிலும் இருந்தா இன்னும் கவனம் வேணும்.

போடியில் வாய்விட்டுக் கேட்ட ஏலம் 2007-ல் மின் ஏலமாச்சு. 2021-ல் போடியையும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியையும் ஒரே நேரடி ஏலத்தில் இணைச்சாங்க. கூவல் திரைக்குள் எண்ணாகிடுச்சு. ஆனா வாங்குறவர் இன்னமும் மாதிரிக் காயைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்.

அரை மில்லிமீட்டர் எனக்கு ஒரு பக். விவசாயிக்கு அது கூலியும் உரமும். கோட் எழுதும் முன்னாடி காயைத் தொட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!